வண்டி தானாக வேகம் குறைகிறதா? எந்த வேகத்தில் என்று முதலில் பாருங்கள்

"ஆக்சிலேட்டர்ல இருந்து காலை எடுத்தாலே வண்டி பிடிச்சு இழுத்த மாதிரி நிக்கி அண்ணாச்சி." ஒர்க்‌ஷாப்பில் இந்தப் புகாரோடு வருகிறவர்கள் எல்லோரும் ஒரே கோளாறைச் சொல்வதில்லை. ஒருவர் வண்டியில் ஒன்றுமே இருக்காது, கியரில் ஓடும்போது இன்ஜின் பிடிப்பதைத்தான் சொல்லியிருப்பார். இன்னொருவர் ஆடி மாதக் காற்றில் ஆரல்வாய்மொழிக் கணவாய் வரை போய்விட்டு வந்திருப்பார். மூன்றாவது ஆளுக்கு டயரில் காற்று பாதிதான் இருக்கும். நாலாவது ஆளின் வண்டியில்தான் நிஜமாகவே பிரேக் ஒட்டிக்கொண்டிருக்கும். நாலு பேருக்கும் சேர்த்து நேரே சக்கரத்தைக் கழற்றினால் மூன்று பேருக்குக் கூலி தண்டம்.

கழற்றுவதற்கு முன்னால் கேட்க வேண்டியது ஒன்றே ஒன்று: எந்த வேகத்தில் பிடிக்கிறது?

ஆளோடு சேர்த்து 1000 கிலோ வருகிற ஒரு சின்ன காரை எடுத்துக்கொள்வோம். நல்ல தார் ரோட்டில், டயரில் காற்று சரியாக இருக்கும்போது, டயர் உருள்வதற்கே ஏறத்தாழ 12 கிலோ இழுப்பு பின்னால் இருக்கும். 20 கிலோமீட்டர் வேகமோ 80 கிலோமீட்டர் வேகமோ, அது பெரிதாக மாறாது. எதிர்க்காற்றின் கணக்கு வேறு. 20-ல் ஒரு கிலோ சொச்சம், 40-ல் 5 கிலோ, 80-ல் 20 கிலோ, 100-ல் 30 கிலோவுக்கும் மேல். வேகம் இரண்டு மடங்கானால் காற்றின் தடை நாலு மடங்கு. அப்புறம் ஏற்றம்: 100 மீட்டர் தூரத்துக்கு 1 மீட்டர் ஏறினாலே 10 கிலோ இழுப்பு கூடிவிடும். அந்த அளவு ஏற்றத்தைக் கண்ணால் கண்டுபிடிக்கவே முடியாது, சமதரை என்றுதான் சொல்வோம்.

ஆக, 80-ல் இருந்து 60-க்கு இறங்கும்போது பிடிப்பது பெரும்பாலும் காற்று. 20-ல் இருந்து நிற்கும்வரை பிடிப்பது பெரும்பாலும் சக்கரம். கீழே சொல்வதெல்லாம் இதை வைத்துத்தான்.

கியரில் ஓடும்போது காலை எடுத்தால் பிடிக்கிறது, நியூட்ரலில் இல்லை

இது கோளாறு இல்லை. சக்கரம்தான் இன்ஜினைச் சுற்றுகிறது, அந்தப் பளு வண்டிக்கு வருகிறது. கியர் சின்னதாக ஆக ஆகப் பிடிப்பு கூடும். பெட்ரோல் வண்டியில் காலை எடுத்ததும் த்ராட்டில், அதாவது காற்று உள்ளே போகிற வால்வு, மூடிக்கொள்ளும். உள்ளே காற்றை உறிஞ்ச இன்ஜின் திணறும், அதனால் பிடிப்பு நன்றாகவே தெரியும். பழைய வண்டியில் இருந்து புது வண்டிக்கு மாறியவர்களுக்கும், டீசலில் இருந்து பெட்ரோலுக்கு வந்தவர்களுக்கும் முதல் மாதம் இது வித்தியாசமாகப் படும். எலெக்ட்ரிக் கார் வாங்கியவர்களுக்குக் கேட்கவே வேண்டாம். அங்கே காலை எடுத்ததும் மோட்டாரே டைனமோவாகி பேட்டரிக்குக் கரண்ட் அனுப்புகிறது. பிடிப்பு அதிகமாகத் தெரிந்தால் அதைக் குறைக்க பெரும்பாலான வண்டிகளில் செட்டிங் உண்டு.

"அதனாலதான் நான் இறக்கத்துல நியூட்ரல் போட்டுருவேன், மைலேஜ் கிடைக்கும்" என்கிறவர்களுக்கு ஒரு தகவல். கார்புரேட்டருக்குப் பதிலாக இன்ஜெக்டர் வழியாகப் பெட்ரோல் விடுகிற எம்பிஎஃப்ஐ வந்த பிறகு வந்த வண்டிகளில், கியரில் இருந்தபடி காலை எடுத்தால், இன்ஜின் ஓரளவு வேகத்தில் சுற்றிக்கொண்டிருக்கும் வரை இன்ஜெக்டர் பெட்ரோலை முழுவதுமாக நிறுத்திவிடும். சக்கரமே இன்ஜினைச் சுற்றிக்கொண்டிருப்பதால் பெட்ரோலுக்கு வேலை இல்லை. நியூட்ரல் போட்டால்தான் ஐடிலிங் ஓட பெட்ரோல் போகும். கார்புரேட்டர் காலத்து வழக்கம் இன்னும் நம்மை விடவில்லை.

இன்னொன்று. ஏசி போட்டதால் வண்டி பிடிக்கிறது என்பார்கள். கியரில் இருக்கும்போது அது கொஞ்சம் உண்மை. நியூட்ரலில் இன்ஜினுக்கும் சக்கரத்துக்கும் தொடர்பே இல்லை, கம்ப்ரஸர் என்ன செய்தாலும் வண்டியைப் பிடிக்காது. நியூட்ரலில் பிடிக்கிற வண்டிக்கு ஏசியைக் குறை சொல்ல வேண்டாம்.

ஆக்சிலேட்டர் மிதித்திருக்கும்போதே வேகம் விழுகிறது என்றால் அது பெட்ரோல் ஃபில்டர், ஏர் ஃபில்டர், டர்போ, கிளட்ச் வழுக்குவது என்று போகும் கதை. அது இந்தக் கட்டுரைக்கு வெளியே.

வேகமாகப் போகும்போது பிடிக்கிறது, மெதுவாகப் போனால் இல்லை

காற்றுதான். கூரையில் கேரியர் இருக்கிறதா, நாலு கண்ணாடியும் இறக்கியிருக்கிறதா என்று பாருங்கள். கோயில் கொடைக்கு ஊருக்குப் போகும்போது மேலே கட்டிய கேரியரை அப்புறம் கழற்றாமலே வருஷக்கணக்கில் ஓட்டுகிறவர்கள் நிறைய பேர்.

நம் திருநெல்வேலிப் பக்கத்தில் இன்னொரு காரணமும் உண்டு. வைகாசிக் கடைசியில் ஆரம்பித்து புரட்டாசி வரை மேற்கே இருந்து அடிக்கிற காற்று. மலைத்தொடர் உடைந்து வழிவிடுகிற இடங்களில், அதாவது செங்கோட்டைக் கணவாயிலும் ஆரல்வாய்மொழிக் கணவாயிலும், அது ஒடுங்கி வேகமெடுத்து வெளியே வருகிறது. பணகுடி, காவல்கிணறு, முப்பந்தல் பக்கமெல்லாம் காற்றாலை நட்டு வைத்திருப்பது சும்மா இல்லை. காவல்கிணற்றில் திரும்பி ஆரல்வாய்மொழி வழியாக நாகர்கோவிலுக்குப் போகிறவருக்கு அந்தக் காற்று நேரே முகத்தில் அடிக்கும். 30 கிலோமீட்டர் வேகத்தில் எதிர்க்காற்று வந்தால், 80-ல் போகிற வண்டிக்கு அது 110-ல் போவதற்குச் சமம். 20 கிலோவாக இருந்த தடை 38 கிலோவாகிவிடும். காலை எடுத்தால் பிரேக் போட்ட மாதிரி இருப்பதில் ஆச்சரியம் இல்லை.

காற்று எந்தப் பக்கம் என்று பார்க்க காற்றாலையே போதும். அதன் இறக்கை எப்போதும் காற்று வருகிற திசையைப் பார்த்துத்தான் நிற்கும். உங்களுக்கு எதிரே தெரிகிற காற்றாலையில் முதுகுப்பக்கம் உங்களைப் பார்த்து, இறக்கை அந்தப் பக்கமாகச் சுற்றிக்கொண்டிருந்தால், காற்று உங்களுக்கு எதிரே வருகிறது. இறக்கை உங்களைப் பார்த்துச் சுற்றினால் காற்று பின்னால் இருந்து தள்ளுகிறது. வண்டியைச் சந்தேகப்படுவதற்கு முன்னால் தலையைத் தூக்கி ஒரு தடவை பார்த்துக்கொள்ளுங்கள்.

போகும்போது இழுக்கிறது, வரும்போது நன்றாக ஓடுகிறது

தென்காசி ரோட்டுக்காரர்கள் புகார் இது. திருநெல்வேலி கடல்மட்டத்தில் இருந்து 50 மீட்டருக்குள், தென்காசி 140 மீட்டருக்கு மேல். அம்பது கிலோமீட்டர் சொச்சத்தில் ஏறத்தாழ 100 மீட்டர் ஏற்றம். சராசரியாகப் பார்த்தால் சின்னதுதான், 2 கிலோ இழுப்பு. ஆனால் அது சீராக ஏறுவதில்லை. சில இடங்களில் ஒன்றுமே இருக்காது, சில இடங்களில் நூற்றுக்கு ஒன்று இருக்கும். குற்றால சீசன் சமயத்தில் செங்கோட்டைக் கணவாய்க் காற்றும் சேர்ந்துகொண்டால் போகிற வழி முழுக்க வண்டி சோம்பலாகவே இருக்கும். திரும்பி வரும்போது அதே வண்டி றெக்கை கட்டிக்கொண்டு வரும். நடுவில் குற்றாலத்தில் வண்டிக்குச் சர்வீஸ் ஏதும் நடந்திருக்காது.

இதனால்தான் ஒரே பக்கமாக ஓட்டிப் பார்த்து முடிவு கட்டக் கூடாது. கார் கம்பெனிகளே டெஸ்ட் டிராக்கில் வண்டியை நியூட்ரலில் உருளவிட்டு எவ்வளவு நேரத்தில் வேகம் விழுகிறது என்று அளக்கிறபோது, இரண்டு திசையிலும் ஓட்டித்தான் சராசரி எடுக்கிறார்கள். நமக்கும் அதே நியாயம்தான்.

ஆள் ஏறினால் வண்டி சீக்கிரம் நின்றுவிடும் என்று பலர் நினைக்கிறார்கள். வேகமாகப் போகும்போது உண்மை நேர்மாறு. அஞ்சு பேர் ஏறிய வண்டியை நிறுத்தக் காற்று இன்னும் கஷ்டப்பட வேண்டும், அதனால் அது கூடுதல் தூரம் உருளும். ஆள் ஏறியதும் வண்டி பிடிக்கிறது என்றால் பெரும்பாலும் டயரில் காற்று குறைவாக இருக்கும்.

20-க்குக் கீழே வந்ததும் சட்டென்று நின்றுவிடுகிறது

கவனிக்க வேண்டிய புகார் இதுதான். 20-ல் காற்றுத் தடை ஒரு கிலோதான் என்று சொன்னேன். ஏற்றம் இல்லாத ரோட்டில் அந்த வேகத்தில் வண்டி பிடித்தால் காரணம் வண்டிக்குள்ளேதான் இருக்கும்.

சோதனை இப்படி. காலையில் வெயில் ஏறுவதற்கு முன்னால், காற்று இல்லாத நேரத்தில், ஆள் நடமாட்டம் இல்லாத, நேரான, சமமான ரோட்டுக்குப் போங்கள். நான்குவழிச்சாலை வேண்டாம். இன்ஜின் ஓடிக்கொண்டே இருக்கட்டும். 20-க்குக் கொஞ்சம் மேலே போய் நியூட்ரலுக்கு மாற்றி, முள் 20-ஐத் தொடும் இடத்தில் ரோட்டோரத்தில் ஒரு அடையாளம் பார்த்துக்கொள்ளுங்கள். தானாக நிற்கும்வரை விடுங்கள். அப்புறம் திரும்பி எதிர்த்திசையில் ஒரு தடவை. இரண்டுக்கும் சராசரி 80 முதல் 120 மீட்டர் வந்தால் வண்டியில் குறை இல்லை. 50 மீட்டரிலேயே நின்றால் எங்கோ பிடிக்கிறது. ஆட்டோமேட்டிக் வண்டியில் இந்த விளையாட்டு வேண்டாம், ஜாக்கி போட்டுச் சக்கரத்தைக் கையால் சுற்றிப் பார்த்தாலே போதும்.

அறுவடை சமயத்தில் இந்தச் சோதனைக்கு ரோட்டைத் தேர்ந்தெடுக்கும்போது பார்த்துக்கொள்ளுங்கள். உளுந்துச் செடியையும் வைக்கோலையும் ரோட்டில் பரப்பியிருப்பார்கள். அதன் மேல் ஏறினால் எந்த வண்டியும் சோர்ந்துபோகும். சோர்வதுகூடப் பரவாயில்லை. வைக்கோல் அடியில் ஆக்சிலில் சுற்றிக்கொண்டு சைலன்ஸர் சூட்டில் பற்றிக்கொள்ளும் ஆபத்து உண்டு. தாண்டி வந்ததும் நிறுத்தி, குனிந்து பார்த்து இழுத்துப் போட்டுவிட்டுப் போங்கள். சாத்தான்குளம் பக்கம் தேரி மணலில் இறங்கினாலும் இதே கதை. அங்கே உருளும் தடை தார் ரோட்டைவிடப் பத்து மடங்குக்கும் மேல் இருக்கும், அதை வைத்து வண்டியை எடை போடாதீர்கள்.

முதலில் டயர். எவ்வளவு காற்று என்பது டிரைவர் கதவைத் திறந்தால் தெரிகிற ஸ்டிக்கரில் இருக்கும். சின்ன கார்களுக்குப் பெரும்பாலும் 30 முதல் 33 பாயின்ட் (psi) வரை. பஞ்சர் கடைக்காரர் சொல்வது இல்லை, ஸ்டிக்கரில் இருப்பதுதான் கணக்கு. அதுவும் டயர் குளிர்ந்திருக்கும்போது பார்க்க வேண்டும். 5, 6 டிகிரி சூடு ஏறினால் ஒரு பாயின்ட் கூடிக் காட்டும். பாளையங்கோட்டை வெயிலில் மத்தியானம் ஓடிவிட்டு பங்க்கில் நிறுத்திப் பார்த்தால் 33 காட்டுகிற டயரில், மறுநாள் காலையில் 28-தான் இருக்கும். நம் ஊரில் காற்று பிடிக்கிற பாதிப்பேர் செய்வது இந்தத் தப்பைத்தான்.

டயர் சரியாக இருந்தும் பிடித்தால், அடுத்தது பிரேக்.

பத்துப் பதினைந்து கிலோமீட்டர் ஓட்டுங்கள், முடிந்தவரை பிரேக்கைத் தொடாமல். நிறுத்தும்போதும் கியரைக் குறைத்துக் குறைத்து வேகத்தை இறக்கி, கடைசியில் மட்டும் லேசாக மிதித்து நிறுத்துங்கள். இறங்கி ஒவ்வொரு சக்கரத்துக்கும் பக்கத்தில் புறங்கையைக் கொண்டுபோங்கள், டிஸ்க்கைத் தொட வேண்டாம். முன்சக்கரம் பின்சக்கரத்தைவிடச் சூடாக இருப்பது இயல்பு. இடது முன்சக்கரத்தை வலது முன்சக்கரத்தோடும், பின்னால் இருப்பதைப் பின்னால் இருப்பதோடும்தான் ஒப்பிட வேண்டும். மத்தியானத்தில் செய்தால் வெயில் பட்ட பக்கம் எப்படியும் சுடும், அதனால்தான் காலையில் செய்யச் சொல்கிறேன். கருகிய வாடை வந்தாலோ, ரிம்மில் ஒரு சக்கரத்தில் மட்டும் கறுப்புத் தூள் அப்பியிருந்தாலோ ஆளைக் கண்டுபிடித்தாயிற்று. சூடாக இருக்கிறதே என்று அதன் மேல் தண்ணீர் ஊற்றாதீர்கள். டிஸ்க் கோணிக்கொள்ளும்.

*ஒரே ஒரு முன்சக்கரம் சூடு.* காலிப்பர், அதாவது டிஸ்க்கை இரண்டு பக்கமும் கவ்விப் பிடிக்கிற பாகம். அதை நகரவிடுகிற இரண்டு பின்கள் கிரீஸ் காய்ந்து இறுகியிருக்கும், அல்லது பிஸ்டன் துருப்பிடித்து உள்ளே திரும்பாமல் நிற்கும். உவரி, இடிந்தகரை, கூடங்குளம் மாதிரி கடலோர ஊர் வண்டிகளில் இது சீக்கிரமே வரும். 2023 டிசம்பர் வெள்ளத்தில் நாள்கணக்கில் தண்ணீரில் நின்ற வண்டி என்று தெரிந்து பழைய கார் வாங்கினால், நாலு சக்கரத்திலும் பிரேக்கையும் பேரிங்கையும் திறந்து பார்க்காமல் எடுக்காதீர்கள்.

காலிப்பரா, அதற்குப் பிரேக் ஆயில் கொண்டுவருகிற ரப்பர் ஹோஸா என்று பிரிக்க ஒரு வழி இருக்கிறது, இதை மெக்கானிக்கோடு பக்கத்தில் இருந்து பாருங்கள். வண்டி பிடித்திருக்கும்போதே ஜாக்கி போட்டு அந்தச் சக்கரத்தைத் தூக்கி, கையால் சுற்றிப் பார்க்க வேண்டும். சுற்றாது. இப்போது காலிப்பரில் ஆயிலை வெளியே விட இருக்கிற பிளீடர் நிப்பிளை ஸ்பேனரால் கால் சுற்று தளர்த்த வேண்டும். பிரேக் ஆயில் புஸ்ஸென்று பீய்ச்சி, சக்கரம் உடனே லேசாகச் சுற்றினால், உள்ளே பிரஷர் திரும்பிப் போக வழியில்லாமல் மாட்டியிருக்கிறது. நிப்பிளைத் திறந்தும் சக்கரம் இறுகியே இருந்தால் பின்னோ பிஸ்டனோ. பிரஷர்தான் என்றால் நிப்பிளை மூடி, நின்ற இடத்திலேயே சக்கரம் மறுபடி இறுகும்வரை பெடலை மிதித்து மிதித்து விட்டு, இந்தத் தடவை மாஸ்டர் சிலிண்டரில் (பெடலை மிதித்ததும் ஆயிலைத் தள்ளுகிற பாகம்) பைப்பைத் தளர்த்த வேண்டும். அங்கே தளர்த்தியதும் சக்கரம் விட்டால் தப்பு மாஸ்டர் சிலிண்டரில் அல்லது அதற்கு மேலே. அங்கே தளர்த்தியும் விடாமல் நிப்பிளில் மட்டும் விட்டால், நடுவில் இருக்கிற ரப்பர் ஹோஸ் உள்ளே ஊதி அடைத்திருக்கிறது. வெளியே பார்த்தால் புதுசு மாதிரியே இருக்கும். ஹோஸ் மலிவு, காலிப்பர் விலை அதிகம், அதனால் இந்தச் சோதனைக்கு அரைமணி நேரம் செலவழிக்கலாம். முடிந்ததும் ஆயில் நிரப்பி, உள்ளே புகுந்த காற்றை வெளியேற்றும் பிளீடிங் செய்யாமல் வண்டியை எடுக்கக் கூடாது. ஆயில் பெயின்ட்டில் பட்டால் உரித்துவிடும், உடனே தண்ணீர் விட்டுக் கழுவுங்கள்.

*இரண்டு முன்சக்கரமும் சூடு, அல்லது நாலும் சூடு.* தப்பு சக்கரத்தில் இல்லை, மேலே இருக்கிறது. காலையில் எடுக்கும்போது நன்றாக ஓடி, இருபது நிமிஷம் கழித்துப் பிடிக்க ஆரம்பிக்கும். பெடலில் கொஞ்சம்கூட ஆட்டம் இல்லாமல் தொட்டதும் கல் மாதிரி இருந்தால் மாஸ்டர் சிலிண்டருக்குள் ஆயில் திரும்பும் ஓட்டை மூடியே இருக்கிறது. ஒருவரைப் பின்னால் நிற்கச் சொல்லி, காலை எடுத்த பிறகும் பிரேக் லைட் எரிகிறதா என்று கேளுங்கள். சில சமயம் மிதியடிதான் பெடலுக்கு அடியில் மடங்கியிருக்கும்.

இதில் மோசமானது ஒன்று. பிரேக் ஆயில் டப்பாவில் யாரோ இன்ஜின் ஆயிலையோ பவர் ஸ்டீயரிங் ஆயிலையோ ஊற்றியிருப்பார்கள். ரப்பர் எல்லாம் பணியாரம் மாதிரி உப்பிவிடும். மாஸ்டர் சிலிண்டரில் இருந்து ஹோஸ், காலிப்பர் வரை ரப்பர் இருக்கிற எல்லாவற்றையும் மாற்றியே ஆக வேண்டும், வெறுமனே ஆயிலை மட்டும் மாற்றித் தப்பிக்க முடியாது. மூடியில் டாட் 3, டாட் 4 என்று எது எழுதியிருக்கிறதோ அது மட்டும்தான் உள்ளே போக வேண்டும்.

*பின்சக்கரம் சூடு.* ஹேண்ட்பிரேக் கேபிள். கைப்பிடி கீழே இறங்கினாலும் கேபிள் உறைக்குள் துருப்பிடித்துத் திரும்பாது. ஜாக்கி போட்டு, முன்சக்கரத்துக்கு முன்னும் பின்னும் கல் வைத்து, ஹேண்ட்பிரேக்கை விட்டுச் சுற்றிப் பாருங்கள். டிரம்மில் லேசாக "சர்" என்று உரசுவது பரவாயில்லை. முன்சக்கரம் பின்சக்கரத்தைவிடக் கொஞ்சம் கனமாகச் சுற்றினால் பயப்பட வேண்டாம், அது கியர்பாக்ஸையும் சேர்த்துச் சுற்றுகிறது.

மழையில் நனைந்து வந்து ஹேண்ட்பிரேக் போட்டு ஒரு வாரம் நிறுத்திய வண்டி, எடுக்கும்போது "டொக்" என்று விடுபட்டு ஓடினால் பின்சக்கர பிரேக் ஷூ டிரம்மோடு ஒட்டியிருந்தது, அவ்வளவுதான். நாலு தடவை பிரேக் போட்டால் சரியாகிவிடும். நெடுநாள் நிறுத்துவதென்றால் முதல் கியரில் போட்டு, கல் வைத்து, ஹேண்ட்பிரேக்கை விட்டுவிடுங்கள்.

பிடிக்கிறது, கூடவே சத்தமும் வருகிறது

வேகம் ஏற ஏறக் கூடுகிற "ஊ..ம்" என்ற இரைச்சல், ஸ்டீயரிங்கை ஒரு பக்கம் திருப்பும்போது கூடி மறுபக்கம் திருப்பும்போது குறைந்தால் பேரிங். சத்தம் முதலில் வரும், பிடிப்பு ரொம்பத் தாமதமாகத்தான் வரும். பிடிக்கிற அளவுக்குப் போய்விட்டால் அன்றைக்கே மாற்றுங்கள்.

சத்தம் இல்லாமல், ஸ்டீயரிங் கோணலாக நின்று, டயர் பட்டனை, அதாவது ரோட்டில் படுகிற வரிகளை, குறுக்கே தடவும்போது ஒரு பக்கம் வழவழவென்றும் மறுபக்கம் அரம் மாதிரியும் இருந்தால் அலைன்மென்ட். பள்ளத்தில் விழுந்த அடுத்த வாரம் வருகிற புகார் இது.

மலையில் மட்டும் பிடிப்பு போதவில்லை

இது தலைகீழ்ப் புகார், ஆனாலும் சொல்லித்தான் ஆக வேண்டும். மணிமுத்தாறில் இருந்து மாஞ்சோலை ஏறிவிட்டு இறங்கும்போதும், பாபநாசத்தில் இருந்து காரையாறு போய்விட்டு இறங்கும்போதும், வண்டி தானாக வேகம் குறைவதுதான் நமக்கு வேண்டும். நியூட்ரல் போட்டால் முழு எடையையும் பிரேக் மட்டும் தாங்கும், சூடாகி ஒரு வளைவில் பெடல் உள்ளே போய்விடும். இன்ஜினையே நிறுத்திவிட்டு இறங்குகிறவர்களும் இருக்கிறார்கள். இரண்டு மூன்று தடவை மிதித்ததும், மிதிப்பதற்கு உதவுகிற பிரேக் பூஸ்டரில் இருக்கிற வேக்குவம் தீர்ந்து பெடல் இறுகிவிடும், பவர் ஸ்டீயரிங்கும் கனத்துவிடும். ஏறும்போது எந்தக் கியரில் ஏறினீர்களோ அதே கியரில் இறங்குங்கள். அடிவாரத்துக்கு வந்ததும் சக்கரம் நாலும் சூடாகத்தான் இருக்கும். அந்தச் சூட்டை வைத்து மேலே சொன்ன சோதனையைச் செய்ய வேண்டாம், ஆறிய பிறகு செய்யுங்கள்.